முதல் போதும்

போதும் என்று சொன்ன உடனே கையை நிறுத்திக்கொள்கிற ஆளை நம் திருநெல்வேலிப் பக்கம் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். "எம் பேரை எங்கயும் எழுத வேண்டாம் அண்ணாச்சி" என்று ஒருதரம் சொல்லிவிட்டாள். அவள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், அதற்கு மேல் பேச்சு கிடையாது. வேலை இடத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள், அதனால் எங்களுக்கு அவள் டிரெயினிங் பிள்ளை. முப்பதைத் தாண்டியிருப்பாள். சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. தங்கியிருந்தது பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில். செவ்வாய்க்கிழமைகளில் ஸ்கூட்டரில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றினதும் முகத்தைக் கழுவுவாள். துடைக்க மாட்டாள். தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் எங்கள் முன்னால் வந்து நிற்பாள்.

நான் வேலை பார்த்தது ஆற்றங்கரையை ஒட்டின ஒரு இல்லத்தில். அறிவு வளர்ச்சி குறைந்த, வயது வந்த ஆண்கள் தங்குகிற இடம். அவர்களைக் குளிக்க வைக்க, சவரம் பண்ணிவிட, கூட நடக்க, சாப்பாட்டுக்கு உட்கார்த்த என்று எங்களைப் போல் சில ஆட்கள். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை போனபிறகு, இந்த வயதில் எவன் நமக்கு வேலை தரப்போகிறான் என்று முழித்துக்கொண்டிருந்தபோது கிடைத்த வேலை இது. முதல் மாதம் ஓடிப்போகலாம் என்று இருந்தது. அப்புறம் அந்தப் பயல்களை விட்டுப் போக மனசு வரவில்லை. பயல்கள் என்கிறேன், பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய ஒரு காப்பிக் கதை போதும். ஒருநாள் மழைக்கு ஒதுங்க என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரி, "காப்பி குடிக்கியளா?" என்று கேட்டாள். இவள், "வேண்டாம்க்கா" என்றாள். நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம்? போட்டுக் கொண்டா என்று அர்த்தம். என் வீட்டுக்காரி நுரை ததும்பக் கொண்டுவந்து நீட்டினாள். இவள் சிரித்த முகமாக, "வேண்டாம்னு சொன்னேன்லாக்கா" என்றாள். வாங்கவே இல்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரி நின்ற நிலையைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. என் காப்பியோடு அதையும் நானே குடித்தேன். மழை விடுகிற நேரம் பார்த்து இவள், "அக்கா, இப்ப ஒரு காப்பி கெடைக்குமா?" என்கிறாள்!

அவள் போனபிறகு வீட்டில் ஒரே அர்ச்சனை. "என்ன பிள்ளை இது? குடுத்தா வேண்டாங்கா, பொறவு வெக்கமில்லாம கேட்டு வாங்கிக் குடிக்கா!"

"கேட்டுத்தானே குடிச்சா, களவாண்டா குடிச்சா?" என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குக் குழம்பு கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்தது.

சரி, அவள் எங்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் சுடலை. நாற்பது வயது, தேக்கு மரத்தை நட்டு வைத்ததுபோல் உடம்பு. பேச்சு கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே ஆள் அவன் அக்கா பேச்சியம்மாள். மில்லில் என்னோடு வேலை பார்த்தவள். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் தம்பியை வைத்தே காலத்தை ஓட்டினவள். ஷிப்டுக்குப் போகும்போது அவனைப் பழைய சேலையால் ஜன்னல் கம்பியில் கட்டிப் போட்டுவிட்டுப் போவாள். வேறு என்ன செய்வாள்? அவிழ்த்து விட்டால் பஸ் வருகிற ரோட்டுக்கு ஓடிவிடுவான். கட்டின இடத்தில் மணிக்கட்டு புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, வளையல் மாதிரி ஒரு தழும்பு. அதைப் பார்த்துத்தான் நான் மேனேஜர் அண்ணாச்சியிடம் பேசி அவனை இல்லத்துக்குக் கூட்டிவந்தேன்.

வந்தவன் மற்ற நேரமெல்லாம் சாது. சாப்பாட்டு நேரம் வந்தால் போச்சு. தட்டைத் தூக்கி எறிவான், மேசையைக் கவிழ்ப்பான், கிட்டே போனவர்களை அடிப்பான். ஒருநாள் எஸ்தர் அக்காவின் முன்னங்கையைக் கடித்துவிட்டான். எஸ்தர் அக்காதான் எங்கள் சமையல். பாளையங்கோட்டைக்காரி, வேதக்கோயிலில் பாட்டுப் பாடுகிறவள், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவள். கையில் தையல் போட்டுக்கொண்டு வந்தும், "பாவம், அவனுக்கு என்ன தெரியும்" என்றுதான் சொன்னாள். மேனேஜர் அப்படி இருக்க முடியுமா?

என்னைக் கூப்பிட்டார். "நீரு கூட்டியாந்த ஆளுன்னுதான் பொறுத்துப் பாக்கேன் வே. இன்னொரு தடவை ரத்தம் வந்துச்சுன்னா அவன் அக்காளை வரச் சொல்லி அனுப்பி வச்சிருவேன். மத்தவங்களையும் நான் பாக்கணும்லா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அனுப்பினால் அவன் எங்கே போவான்? அந்த ஜன்னல் கம்பிக்குத்தான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க மேனேஜர் இவளை ஏற்பாடு பண்ணினார். முதல் செவ்வாய்க்கிழமை எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். "ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டாள். எங்களோடு வேலை பார்த்த மாசானம் குசும்பு பிடித்தவன். "வேண்டாம்" என்றான். எல்லோரும் சிரித்தோம். இவள் "சரி" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் கிடையாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சும்மா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் சிரிப்பு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் எட்டிப் பார்த்தார். மாசானத்துக்கு வேர்த்துவிட்டது. "எம்மா தாயே, வெளையாட்டுக்குச் சொன்னேன், ஆரம்பி!" என்று கும்பிட்டான்.

"அப்ப ஆரம்பிக்கலாம்" என்று எழுந்தாள். 

நாங்கள் எதிர்பார்த்தது வேறு. அடிக்க வருகிறவனை எப்படி மடக்கிப் பிடிப்பது, எந்தப் பக்கமாகக் கையைத் திருகினால் அடங்குவான், அந்த மாதிரி. மாசானம் அதற்கென்று லுங்கியை மாற்றிப் பேன்ட் போட்டு வந்திருந்தான். "பிடிக்கதைக் கடைசில பாப்போம் அண்ணாச்சி. பிடிக்க வேண்டிய நெலைமை ஏன் வருதுன்னு மொதல்ல பாப்போம்" என்றாள். மாசானத்துக்கு ஒரே ஏமாற்றம்.

அன்றைக்கே சுடலையைப் பார்க்கப் போனாள். அவன் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைக்கு வெளியிலேயே நின்று, "சுடலை அண்ணே, உள்ள வரட்டுமா?" என்று கேட்டாள். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் யாரும் அந்த அறைக்குள் போகக் கேட்டுப் போனதில்லை. கட்டிலில் கிடந்தவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துப் போய்விட்டாள்.

"வந்த சோலியைப் பாக்காமலே போறா பாருவே" என்றான் மாசானம்.

அடுத்த வாரமும் அதே கதை. நிலைக்கு வெளியே நிற்பாள், கேட்பாள், அவன் திரும்பிக்கொள்வான், போய்விடுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ளதான் போயேன் பிள்ளே, அவன் என்ன சொல்லப் போறான்?" என்றேன். "சொல்லிட்டாரே அண்ணாச்சி" என்றாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கேட்டதும் சுடலை திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கட்டிலில் நீட்டியிருந்த காலைப் பைய மடக்கிக்கொண்டான். ஒரு ஆள் உட்கார இடம். அவள் உள்ளே போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்தார்கள். வெளியே வந்தவள் கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளைகளில் வந்து ஒரு மூலையில் உட்கார ஆரம்பித்தாள். வேலைக்கு ஒத்தாசை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது, பார்வை மட்டும்தான். அப்படிப் பார்த்த பிறகு ஒருநாள் எங்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தாள். இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் சாப்பிட வேண்டும், ஒருவர் பரிமாற வேண்டும். பரிமாறுகிறவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி வைக்க வேண்டும். சாப்பிடுகிறவர்கள் பேசக் கூடாது. "வாயே கெடயாதுன்னு வச்சுக்கிடுங்க" என்றாள். எனக்குப் பரிமாற வந்தது எஸ்தர் அக்கா.

இட்லி, சாம்பார். வயிறு நிறைந்ததும் தட்டின்மேல் கையை விரித்தேன். எஸ்தர் அக்கா சிரித்துக்கொண்டே என் கையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு இன்னும் இரண்டு போட்டாள். கஷ்டப்பட்டு உள்ளே தள்ளினேன். மறுபடியும் கையை விரித்தேன். விரல் சந்து வழியாகச் சாம்பார் விழுந்தது. நான் தட்டை நகர்த்தினால் கரண்டி கூடவே வருகிறது. தலையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன், கடைசியில் கரண்டியைத் தள்ளினேன். அது தெறித்து என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சாம்பார்.

"ஏ மூதி! கையைக் காட்டுதேன்லா, கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று கத்திவிட்டேன்.

கூடமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "கோவம் வந்துட்டோ அண்ணாச்சி?" என்றாள்.

"வராம என்ன செய்யும்?"

"உங்களுக்கு வாய் இருக்கு, திட்டிட்டிய. நெசமாவே இல்லைன்னா?"

"தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"அதுக்கு மேலயும் கிட்ட வந்து வச்சாவன்னா?"

எஸ்தர் அக்காவின் கையில் இருந்த தையல் தழும்பைப் பார்த்தேன். எஸ்தர் அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் ஊரில் பரிமாறுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் இலைமேல் கையை விரிக்காதவன் யார்? அந்தக் கையை விலக்கிவிட்டு ஒரு கரண்டி வைக்காத ஆள் யார்? முதல் போதும் மரியாதைக்கு. இரண்டாவது போதும் அதற்கும் மரியாதைக்கு. அதற்கப்புறம் சொல்வதைத்தான் காதில் வாங்குவோம். முதல் போதுமிலேயே நிறுத்தினால், 'கஞ்சப் பிசினாறி' என்று மூன்று தெரு தாண்டியும் பேச்சு நிற்கும். சுடலை ஒவ்வொரு வேளையும் இடது கையைத் தட்டின்மேல் விரித்திருக்கிறான். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். எஸ்தர் அக்கா ஒவ்வொரு வேளையும், "எய்யா, நல்லாச் சாப்பிடணும்லா" என்று ஆசையாக அந்தக் கையை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் தட்டு பறக்கும்.

"அது கூச்சம்லாம்மா!" என்று எஸ்தர் அக்கா அழுகிற குரலில் சொன்னாள். "எல்லாரும் அப்படித்தான கையை வைப்பாவ?"

"அவருக்குக் கூச்சப்படத் தெரியாதுக்கா. அவர் கையை வச்சா அதுக்குப் போதும்னு மட்டும்தான் அர்த்தம். அது ஒண்ணுதான் அவருகிட்ட இருக்க பேச்சு. அதை நாம எடுத்து அந்தப் பக்கம் வச்சிருதோம்."

அன்றையிலிருந்து கட்டளை இதுதான். அவன் கையை வைத்தால் கரண்டி நிற்க வேண்டும். எதிர்ப் பேச்சு கிடையாது, கெஞ்சல் கிடையாது, 'ஒரே ஒரு வாய் எய்யா' கிடையாது. சொல்லச் சுலபம். எஸ்தர் அக்கா கரண்டியைப் பிடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேண்டாம் என்றால் நின்றுவிடுகிற இந்தக் குணத்தால் எனக்கும் டிரெயினிங் பிள்ளைக்கும் ஒரு பெரிய மனஸ்தாபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். முந்தின நாள் இவள் போன் பண்ணி, "அண்ணாச்சி, நான் ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். "உனக்கு எதுக்கும்மா வீண் அலைச்சல், வேண்டாம்" என்றேன். "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டாள். வரவே இல்லை! ஆபரேஷன் அறைக்கு வெளியே அந்தப் பெஞ்சில் நான் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வெளியூரில். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. யார் வருகிற சத்தம் கேட்டாலும் அவள்தான் என்று திரும்பிப் பார்த்தேன். 'வேண்டாம்' என்று சொல்லியும் மாசானம் வந்துவிட்டான், கையில் இளநீரோடு. இவள் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளே கேட்டாள். கொட்டிவிட்டேன். "நீ வந்திருக்கணும்லா? ஒரு மனுஷன் தனியா உக்காந்திருக்கான்னு தெரியாதா?"

"நீங்க வேண்டாம்னிய."

"அப்படித்தாம்மா சொல்லுவோம்!"

"அப்ப வேணும்னா எப்படிச் சொல்லுவிய அண்ணாச்சி?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. என்ன கேள்வி இது? அவள் முகம் வாடிப்போயிருந்தது. தனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்த கதையை அப்போதுதான் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் போனதும், "எனக்கு வேண்டாம்" என்று சொன்னாளாம். அத்தைக்காரி கன்னத்தைக் கிள்ளி, "வெக்கப்படுதா" என்றாளாம். மறுபடி சொல்லியிருக்கிறாள். வீடே சிரித்துக்கொண்டு பூ வைக்க நாள் பார்த்தது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில் இவள் நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஊரே நாறிப்போயிற்று. அப்பா அதற்குப் பிறகு பேசுவது கிடையாது. அதிலிருந்துதான் விடுதி வாசம்.

"ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா எனக்கு அதுக்கு மேல கால் நகர மாட்டேங்கு அண்ணாச்சி. உங்க விஷயத்துல நான் வந்திருக்கலாம். எனக்குத் தெரியலை" என்றாள். அவள்மேல் இருந்த கோபம் அன்றைக்கு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி போனது. பாதி இன்னும் இருக்கிறது. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தப் பெஞ்சையும் மறக்க முடியாது, இரண்டும் உண்மை.

இங்கே சுடலை விஷயம் வேறு மாதிரித் திரும்பியது. அடிதடி நின்றுவிட்டது. அது உண்மை. கையை வைத்தான், கரண்டி நின்றது, தட்டு பறக்கவில்லை. ஆனால் தன் கைக்குக் கரண்டி நிற்கிறது என்று தெரிந்ததும், பயல் முதல் கரண்டிக்கே கையை வைக்க ஆரம்பித்தான். எஸ்தர் அக்கா கிட்டே வரும்போதே கை. வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், எழுந்து போய்விடுவான். சாயங்காலம் கொடுத்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவான், ஒரு டம்ளர் பால் குடிப்பான். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. எஸ்தர் அக்கா, "பிள்ளை பட்டினியா எந்திக்கான், நான் எப்படித் திங்க?" என்று தானும் சாப்பிடாமல் திரிந்தாள். "ஆண்டவரே, இந்த டிரெயினிங்கை யாரு கேட்டா?" என்று எனக்குக் கேட்கும்படி ஜெபம் பண்ணினாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, கவனமாக இருங்கள் என்றார்.

"பெரிய புதுச் சாமான் ஒண்ணு கைக்கு வந்தா திருப்பித் திருப்பிப் போட்டுப் பாப்போம்லா, அதான் செய்யுதாரு" என்றாள் அவள். சொன்னாளே தவிர, அவள் முகத்திலும் கலக்கம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் பார்க்க வந்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் சட்டையைத் தூக்கி விலாவைத் தொட்டாள். அவ்வளவுதான், என்மேல் பாய்ந்துவிட்டாள்.

"உங்களை நம்பித்தான அண்ணாச்சி விட்டேன்? பட்டினி போட்டுக் கொல்லுதியளா?"

நான் விவரம் சொன்னேன். கை வைத்தால் நிறுத்துகிறோம், அது அவன் பேச்சு, இப்படியெல்லாம். என் வாயிலிருந்து வரும்போது எனக்கே அது கிறுக்குத்தனமாகத்தான் கேட்டது.

"அவனுக்கு என்ன தெரியும்? நான் கட்டிப் போட்டேன், இல்லைங்கல. ஆனா வயித்துக்குப் போட்டேன். வாயைத் தெறந்து ஊட்டியாவது போட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமை வாரேன். இப்படியே இருந்தாம்னா கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள்.

மேனேஜர் அனுப்பிவிடுவாரோ என்று பயந்தது போக, இப்போது அவளே கூட்டிப்போகப் போகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டிரெயினிங் பிள்ளைக்குப் போன் போட்டேன். உடனே வந்தாள். அவள் அன்றைக்குப் பேச்சியம்மாளைத் தப்புச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. வெகுநேரம் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "வேண்டாம்னு சொல்ல வழி வச்சோம். வேணும்னு சொல்ல அவருக்கு என்ன வழி வச்சிருக்கோம்?" என்று கேட்டாள். சோற்றுப் பாத்திரத்தை மேசை நடுவில் வைக்கச் சொன்னாள். கரண்டியைச் சுடலை கையில் கொடுக்கச் சொன்னாள்.

மேனேஜர் துள்ளிக் குதித்தார். "ஆளை அடிக்கவன் கையில இரும்புக் கரண்டியா? என்னம்மா பேச்சு பேசுத?"

"மரக் கரண்டி குடுப்போம். பக்கத்துல நான் உக்காருதேன். அடிச்சா என்னைய அடிக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க அவள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். சுடலை கரண்டியை வாங்கிப் பார்த்தான், கீழே வைத்தான். இன்னொரு நாள் மேசையில் தட்டிச் சத்தம் பண்ணிக்கொண்டிருந்தான், மேனேஜர் வாசலில் வேர்த்து நின்றார். வெள்ளிக்கிழமை சோற்றை அள்ளினான், தட்டுக்குக் கொண்டுவருவதற்குள் பாதி மேசையில். போட்டதைத் தின்றான், ஒரு பருக்கை விடாமல். எஸ்தர் அக்கா அடுப்பங்கரைக்குள் ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தாள். ஆனால் சனிக்கிழமை கரண்டியைத் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது.

டிரெயினிங் பிள்ளை இப்போது எங்கள் பக்கம் இல்லை. வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எப்போதாவது போன் பண்ணுவாள், "பேசலாமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவாள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

பேச்சியம்மாள் ஒரு காலிப் பையோடு வந்திருந்தாள், தம்பியின் துணிமணிகளை எடுத்துப்போக. பையை மடியில் வைத்துக்கொண்டு சுடலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலைக்காரர்களும் இன்றைக்குச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று டிரெயினிங் பிள்ளை கேட்டுக்கொண்டதால் நான், மாசானம், எஸ்தர் அக்கா எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். நடுவில் சோறும் சொதியும். சுடலை பாத்திரத்தைப் பார்த்தான். பேச்சியம்மாள் பழக்கத்தில் பிசைந்து ஊட்டக் கையை நீட்டினாள், பிறகு என்ன நினைத்தாளோ மடக்கிக்கொண்டாள்.

சுடலை கரண்டியை எடுத்தான். ஒரு கரண்டி தன் தட்டில் போட்டான். தின்றான். மறுபடியும் போட்டான். பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவதையும் வழித்துத் தின்றுவிட்டு நிமிர்ந்தவன், எதிரில் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்த எஸ்தர் அக்காவைப் பார்த்தான். கையை நீட்டி அவள் தட்டில் கொஞ்சம் சோற்றைப் போட்டான். இத்தனை வருஷமாகப் பரிமாறியே பழகினவளா, பதறிப்போய்க் கையை விரித்து, "போதும்யா, போதும்" என்றாள்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. திரும்பிப் போயிற்று. எஸ்தர் அக்கா தட்டைப் பார்த்தாள், ஒரு பிடிச் சோறு.

"ஏய்யா, நான் சும்மால்லா சொன்னேன்!" என்றாள்.

சிரித்தோம் பாருங்கள், மேனேஜர் உட்பட! டிரெயினிங் பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுடலைக்கு எங்கள் சிரிப்பு புரியவில்லை. அவன் அக்கா பக்கம் திரும்பி, அவள் தட்டில் ஒரு கரண்டி போட்டான். முகத்தைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி போட்டான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று. எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டில் சோறு குமிந்து ஓரத்தில் சரிந்தது. அவள் கை இரண்டும் மடியில் அந்தப் பைமேல் அப்படியே கிடந்தன.

டிரெயினிங் பிள்ளை மெதுவாக, "அக்கா, போதும்னு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

பேச்சியம்மாள் தலையை ஆட்டினாள். "வேண்டாம்."

டிரெயினிங் பிள்ளை அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. சுடலை பாத்திரத்தை வழித்துப் போட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான். பேச்சியம்மாள் சொதியை ஊற்றிப் பிசைந்து தின்ன ஆரம்பித்தாள். கண்ணீர் ஒழுகுகிறது, துடைக்கவில்லை, தின்றுகொண்டே இருந்தாள். நாங்கள் எல்லோரும் எழுந்துபோன பிறகும் அவர்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் பேச்சியம்மாளைப் பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். தனியாகத்தான் போனாள். பஸ் தூரத்தில் வரும்போதுதான் சொன்னாள்.

"இத்தனை வயசுக்கு எனக்கு ஒருத்தரும் சோறு போட்டதில்லை அண்ணாச்சி. போதும்னு சொன்னா நிறுத்திருவானேன்னுதான் நான் சொல்லலை."